கரைசல் தேர்வும் சோம்பல் மூன்றும்: ஓர் ஆய்வு

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவுகிறவர்கள் பல மதங்களாகப் பிரிந்து கிடக்கிறார்கள். டி-76 மதத்தார் ரோடினால் மதத்தார் வீட்டில் கை நனைப்பதில்லை. ஏன் இந்த டெவலப்பர் என்று கேட்டால் கிரெயின், கூர்மை, டோன் என்று அடுக்குவார்கள். ஆனால் ஒரே பிலிமை இரண்டிலும் ஒழுங்காகக் கழுவி, அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு நீட்டினால், எது எதில் கழுவியது என்று சொல்ல அவர்களே திணறிப்போவார்கள். எனவே தேர்வின் மெய்க்காரணம் வேறெங்கோ இருந்தாக வேண்டும். அதைத் தேடிப் புறப்பட்டு யாம் யாத்த நூற்பா வருமாறு:

கலக்கச் சோம்பல் காக்கச் சோம்பல்
குலுக்கச் சோம்பலென மூவகைத் தாகும்
கரைசல் தேர்வோர் காரணம் தானே.

இனி உரை.

கலக்கச் சோம்பலாவது, பொடியைக் கண்டால் வருவது. டி-76 பொடியாகத்தான் வரும். 1920களில் கோடக் நிறுவனம் சினிமா பிலிமுக்காக உருவாக்கிய கரைசல் இது. லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். இதில் சல்பைட்டுக்கு மட்டும் ஏன் இந்தப் பெரும்பங்கு எனின், அது வெள்ளி உப்பைச் சிறிது கரைத்துக் கிரெயினை மென்மையாக்கும் என்க. பொடியை 50 பாகைக்கு மேல் சுட்ட நீரில் கரைக்க வேண்டும். பிறகு அதையே 20 பாகைக்கு ஆற வைக்க வேண்டும். சுட வைத்ததை ஆற வைப்பதா என்று இங்கேயே பாதிப் பேர் கழன்றுகொள்வர். கழன்றவர்கள் சேரும் இடம் ரோடினால். மோம்மே ஆண்ட்ரெசன் என்னும் ஜெர்மானியர் 1891இல் காப்புரிமை பெற்ற திரவம் அது. சிரிஞ்சில் உறிஞ்சி, ஒன்றுக்கு ஐம்பது பங்கு தண்ணீரில் விட்டால் வேலை முடிந்தது.

காக்கச் சோம்பல் இதனினும் நுட்பமானது. கலக்கி வைத்த டி-76, புட்டி நிறைய இருந்து மூடியும் இறுக்கமாக இருந்தால் ஆறு மாதம் தாங்கும்; பாதிப் புட்டியானால் இரண்டே மாதம். குற்றவாளி காற்று. அதை வெளியேற்றப் புட்டிக்குள் கோலிக்குண்டுகளைப் போட்டுக் கரைசலைக் கழுத்து வரை ஏற்றுவது டார்க்ரூம்காரர்களின் பழைய உத்தி. நாற்பது வயதில் கோலிக்குண்டு வாங்கப் போகிறவனைக் கடைக்காரர் பார்க்கும் பார்வை இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ரோடினாலுக்கு இந்தப் பாடு இல்லை. ஆண்டுக்கணக்கில் கிடக்கும், கிடக்கக் கிடக்கக் கறுக்கும், கறுத்த பிறகும் வேலை செய்யும்.

குலுக்கச் சோம்பலே மூன்றனுள் தலையாயது. முறைப்படியானால், நிமிடத்துக்கு ஒருமுறை டேங்க்கைப் பத்து விநாடி கவிழ்த்து நிமிர்த்தி, குமிழி போகத் தரையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இதற்கும் உடம்பு வணங்காதோர் ரோடினாலை நூறு பங்கு நீரில் விட்டு, தொடக்கத்தில் மட்டும் குலுக்கி, ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். ஸ்டாண்ட் டெவலப்மென்ட் என்ற பெயரால் இது அறிவியல் தகுதி பெற்றுவிட்டது. ஒளி மிகுந்த இடங்களில் கரைசல் சீக்கிரம் ஓய்ந்துவிட, நிழல் பகுதிகளில் மெல்ல வேலை நடந்துகொண்டே இருக்கும் என்பது அவர்தம் வாதம். வாதம் பொய்யன்று. ஆனால் பிலிமின் ஓரத்துளைகளை ஒட்டிச் சில வேளை வரிவரியாகக் கோடு விழும். அதைக் கலை என்று கொள்வாரும் உளர்.

இவ்விதிக்குச் சென்னையின் மே மாதம் விலக்கு. மாடித் தொட்டியிலிருந்து வரும் நீரில் 20 பாகை என்பதே கற்பனை. சூடு ஏற ஏறக் கழுவும் நேரம் குறையும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் பிலிம் திட்டுத்திட்டாக வரும். ஆகவே அன்னக்கூடையில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் நிரப்பி, அதற்குள் டேங்க்கை இறக்கி, தெர்மாமீட்டரும் கையுமாக ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே சோம்பலுக்கு இடமில்லை.

நூற்பாவுக்கு அடங்காத கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் காபி மதத்தார். 1995இல், அதுவும் கோடக்கின் சொந்த ஊரான ராசெஸ்டரில், ஸ்காட் வில்லியம்ஸ் என்னும் ஆசிரியரும் அவர் மாணவர்களும் இன்ஸ்டன்ட் காபியில் பிலிம் கழுவிக் காட்டினார்கள். இன்று வழங்கும் அளவு லிட்டருக்குக் காபித்தூள் 40 கிராம், வைட்டமின் சி 16 கிராம், நீரற்ற சலவைச் சோடா 54 கிராம். சோடா கற்கண்டு போன்ற படிகமாகக் கிடைத்தால் ஏறக்குறைய மூன்று பங்கு வேண்டும். ஆப்பச் சோடா ஆகாது. அதன் காரம் போதாது. படத்தை எழுப்புவது காஃபீன் என்று நினைப்பது பிழை. காபியிலுள்ள காஃபிக் அமிலம் முதலியனவே அதைச் செய்கின்றன. அவ்வகை அமிலங்கள் அராபிக்காவைவிட மட்டரக ரோபஸ்டாவில் அதிகம். கும்பகோணத்துப் பெருமை பேசும் வீட்டில் இந்த முடிவை வெளியிடும் துணிவு எமக்கு இல்லை. கரைசலின் நாற்றமும் சேர, அடுக்களையில் நிறுக்கவோ கலக்கவோ அனுமதி கிடைப்பது அரிது. மூன்று பொடியை நிறுத்து, நாற்றம் பொறுத்து, திட்டும் வாங்குகிறவரைச் சோம்பேறி என எவ்வாறு வகுப்பது? புறனடையில் வைத்தோம்.

டெவலப்பரை நிறுத்தும் ஸ்டாப் பாத்துக்கு மளிகைக்கடை வினிகரை நீர்த்து ஊற்றலாம். வெறும் தண்ணீரில் அலசினாலும் பாதகமில்லை. அடுத்து, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவில் மதச் சண்டையே கிடையாது. அது வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் கண்டது 1819இல். புகைப்படத்துக்கு அது பயன்பட வந்தது 1839இல். வெட்டி எடுத்த பிலிம் நுனியை அதில் போட்டு, பால் நிறம் போய்த் தெளிய எத்தனை நிமிடமாகிறதோ அதைப்போல் இரு மடங்கு நேரம் பிலிமை ஊற விட்டால் போதும்.

நான்காவதாகக் கழுவச் சோம்பல் என ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பார் கருத்தும் ஆராயத்தக்கது. அவர்கள் காட்டும் சான்று அமெரிக்கப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட். படமெடுத்த நேரத்து மனநிலை மறந்துபோக வேண்டும் என்று சுருள்களை ஓராண்டு, ஈராண்டு கழுவாமலே போட்டு வைத்தவர் அவர். 1984இல் இறந்தபோது சுமார் 2,500 சுருள்கள் கழுவப்படாமல் கிடந்தன. எடுப்பதில் அவ்வளவு சுறுசுறுப்பானவரைச் சோம்பலில் சேர்ப்பது தகாது என்று மறுப்போம். ஆயினும் அத்தனைக்கும் டெவலப்பர் கலக்கும் வேலை பிறர் தலையில்தான் விழுந்தது.