லண்டனில் முதல் லைசென்ஸ்

கே: லண்டனில் முதன்முதலாக லைசென்ஸ் எடுப்பவர், தேர்வைத் தமிழிலேயே முடித்துவிட முடியாதா?

ப: 2014 ஏப்ரலுக்கு முன் என்றால் பாதித் தேர்வு முடிந்திருக்கும்! அதுவரை, கணினித் தேர்வின் கேள்விகள் ஹெட்போனில் ஒலித்த 19 அயல்மொழிகளில் தமிழும் இருந்தது. இன்று ஆங்கிலமும் வெல்ஷும்தான். 50 கேள்விகளில் 43 சரியாக வேண்டும்.

அடுத்தது சாலை வீடியோக்கள். ஆபத்து முளைக்கும்போதே மவுஸைத் தட்ட வேண்டும். 75க்கு 44 எடுத்தால் பாஸ். எதற்கும் இருக்கட்டும் என்று தட்டிக்கொண்டே இருந்தால் அந்த வீடியோவுக்குப் பூஜ்யம்.

ஓட்டும் தேர்வில் முதல் வேலை, 20 மீட்டர் தொலைவிலுள்ள நம்பர் பிளேட்டைப் படிப்பது. படிக்க முடியாதவருக்கு வண்டி நகராமலே தேர்வு முடிந்துவிடும்.