இரண்டாம் மாடிக் கருத்தரங்கம்

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி ஆராய்கிற பெரியவர்களுக்கு மாற்றுத்திறனாளிகளால் எவ்வளவு தொந்தரவு! நிம்மதியாக ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கம் நடத்த விடுகிறார்களா? துணைவேந்தரிடம் தேதி வாங்கி, ஃபிளெக்ஸ் கட்டி, மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லி முடித்த பிறகு ஓர் ஆய்வு மாணவி போன் பண்ணுகிறாள். "சார், தசைச்சிதைவு நோய் எனக்கு. அவ்வளவு தூரம் பயணம் பண்ண முடியாது. ஜூம்ல கட்டுரை வாசிக்கலாமா?" அமைப்பாளர் மனம் நொந்துபோகிறார். "நேர்ல வந்தாத்தானேம்மா செமினார்? நாலு பேரைப் பார்க்கலாம், பேசலாம், ஒண்ணா உட்கார்ந்து டீ குடிக்கலாம். இதெல்லாம் ஜூம்ல வருமா?"

வராதுதான். ஆனால் அந்த டீ இரண்டாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் உண்டு; அதன் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார்.

தொடக்க விழாவைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். மேடைக்கு நான்கு படி, சாய்தளம் கிடையாது. சிறப்பு விருந்தினரைச் சக்கர நாற்காலியோடு நாலு மாணவர்கள் பீரோவைத் தூக்குவதுபோல் தூக்கி மேலே வைக்கிறார்கள். அவர் இரண்டு கைகளாலும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அரங்கம் கைதட்டுகிறது. உடனே ஒலிபெருக்கியில் கணீரென்று அறிவிப்பு: "தமிழ்த்தாய் வாழ்த்து. அனைவரும் எழுந்து நிற்கவும்!" பிறகு பொன்னாடை, குத்துவிளக்கு, 'தடைகளற்ற சமூகம்' என்ற தலைப்பில் மையவுரை. சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லை, நிதி இல்லையாம். நாள் முழுக்க நடக்கும் நிகழ்ச்சிக்கு மாறி மாறிச் செய்ய இருவர் வேண்டும், கட்டுப்படியாகாதாம். நினைவுப் பரிசுக்கு மட்டும் நிதி எப்படியோ ஊற்றெடுக்கிறது.

இணையவழி சாத்தியமே இல்லை என்று காலங்காலமாகச் சொல்லிவந்த வாய்கள்தான் 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் ஒரே மூச்சில் "மைக்கை மியூட் பண்ணுங்க" என்று பேசக் கற்றுக்கொண்டன. சில வாரங்களில் வெபினார் நடத்தாத கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கூகுள் படிவத்தில் நாலு கேள்விக்கு டிக் அடித்தால் மின்சான்றிதழ். நேற்றுவரை இல்லாத தொழில்நுட்பமும் நிதியும் அனுமதியும் ஒரே ராத்திரியில் எங்கிருந்து குதித்தன? எங்கிருந்தும் இல்லை, எல்லாம் அங்கேயேதான் இருந்தன. திடகாத்திரமானவர்கள் வீட்டுக்குள் அடைபட்டால் அது தேசியப் பேரிடர். நடக்க முடியாதவர் அடைபட்டால் அது அவர் தலைவிதி. ஊரடங்கு முடிந்தது, திடகாத்திரமானவர்கள் வெளியே வந்தார்கள், வந்தவுடன் இணைப்பைத் துண்டித்தார்கள்.

உச்ச நீதிமன்றமோ அரசியல் சாசன அமர்வின் விசாரணைகளை 2022 செப்டம்பரிலிருந்து நேரலையில் காட்டுகிறது. வழக்கறிஞர்கள் காணொலியில் வாதாடுகிறார்கள். ஒருவனுடைய விடுதலையைக் காணொலியில் கேட்கலாம். 'உள்ளடக்கிய கல்வி: ஓர் ஆய்வு' என்ற எட்டுப் பக்கக் கட்டுரையை மட்டும் நேரில் வந்துதான் வாசிக்க வேண்டும். அத்தனை கனமான கட்டுரை!

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழுதான். புதிதாகச் சேர்ந்தவற்றில் ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன், ஆட்டிசம் எல்லாம் உண்டு. இக்குறைபாடுகள் உள்ளவர்களில் பலருக்கு எத்தனை சாய்தளம் கட்டினாலும் போதாது. பயணமே தடை, சிலருக்குக் கூட்டமும் இரைச்சலுமே தடை. நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்று அதே சட்டம் சொல்கிறது. இந்த வாசகத்தை மேற்கோள் காட்டாத கட்டுரை அந்தக் கருத்தரங்கத்தில் ஒன்றுகூட இருக்காது. பயப்பட வேண்டாம், சட்டத்தை முதல்முறை மீறினால் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். பொன்னாடைச் செலவோடு சேர்த்துக் கணக்கு எழுதிவிடலாம். அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த கருத்தரங்கத்துக்கு அருமையான தலைப்பு கிடைத்தது.

சில தாராள மனசுக்காரர்கள் 'ஹைபிரிட்' நடத்துகிறார்கள். அதன் லட்சணம் இது: கடைசி வரிசையில் ஒரு மடிக்கணினி. அதன் கேமராவுக்குத் தெரிவது மின்விசிறியும் நாலு பின்மண்டைகளும். சாட்டில் "சத்தம் வரலை", "சத்தம் வரலை சார்" என்று ஏழெட்டுப் பேர் தட்டச்சு செய்துகொண்டே இருக்கிறார்கள், பார்க்க ஆளில்லை. தானியங்கி வசன வரிகளை இயக்க ஒரு சொடுக்குப் போதும், அதற்கும் ஆளில்லை. அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது, பார்வையற்றவருக்கு வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடரால் படிக்க முடியாது. கட்டுரைத் தொகுப்போ யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில். பார்வையற்ற ஆய்வாளரின் கணினி அதை ஆங்கில எழுத்துகளாக உளறித் தள்ளுகிறது. கட்டணம் மட்டும் இணையவழியில் பிசிறில்லாமல் போய்ச் சேர்கிறது.

இன்னும் கெட்டிக்காரர்கள் உண்டு. "உங்களுக்குத்தான் லிங்க் இருக்கே, நேர்ல எதுக்குக் கஷ்டப்படறீங்க?" என்று சாய்தளத்துக்கான செலவை மிச்சம் பிடிக்கிறவர்கள். லிங்க் கேட்பது சாய்தளத்துக்குப் பதிலாக அல்ல ஐயா, சாய்தளத்தோடு. வருவதா, வீட்டிலிருந்து பேசுவதா என்பதை வருகிறவர் முடிவு செய்யட்டும்.

இது நம்மூர்ச் சீக்கு மட்டுமல்ல. 2021 நவம்பர் 1 அன்று கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுக்குச் சக்கர நாற்காலியில் வந்த இஸ்ரேலின் எரிசக்தி அமைச்சர் கரீன் எல்ஹரார், உள்ளே போக வழியில்லாமல் திரும்பினார். அமைச்சர் என்பதால் பிரிட்டன் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். நம் ஆய்வு மாணவிக்கு வந்தது "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா".

உங்களில் யாருக்காவது இப்படியொரு கருத்தரங்கத்தில் பேச அழைப்பு வந்தால், தலைப்பைக் கேட்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: இணையவழியில் பேசவும் கேள்வி கேட்கவும் வழி உண்டா? வசன வரியும் சைகை மொழிபெயர்ப்பும் உண்டா? கட்டுரைகள் யூனிகோடில் முன்கூட்டியே வருமா? இழுத்தால், "நான் வரலை" என்று சொல்லிவிடுங்கள், ஏன் என்பதை எழுத்தில் கொடுங்கள். உங்கள் பெயரை ஃபிளெக்ஸில் போட்டுவிட்டார்கள் என்பதற்காகப் போய் நிற்காதீர்கள்.