இருட்டிலும் பசிக்கும் கண்

? ஊசி குத்தாமல் கண்ணைப் பார்த்தே சீனியை அறியலாமாம். இனி விரலில் குத்தத் தேவையில்லையா?
– வாசகி, நறுவிலிக்குளம்

குத்தத்தான் வேண்டும். விரல் இரத்தம் சொல்வது உடம்பில் எவ்வளவு சீனி ஓடுகிறது என்பதை. ஆராய்ச்சிக்காரர் கண்ணில் தேடுவது, விழித்திரை அந்தச் சீனியை எப்படி எரிக்கிறது என்பதை. இரண்டையும் குழப்பினால் மருந்தளவு பிழைக்கும்.

? விளக்கை அணைத்துப் படுத்தால் கண்ணுக்கும் ஓய்வுதானே?
– வாசகர், வங்காலை

இல்லை ஐயா, ஒளியுணரும் கலங்களுக்கு இருட்டில்தான் செலவு கூட. வெளிச்சம் படாத நேரமெல்லாம் அவற்றுக்குள் சோடியம் புகுந்துகொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளச் சக்தி வேண்டும். எரிக்கும் விதமும் விசித்திரம். ஒட்சிசன் தாராளமாக இருந்தும் விழித்திரை பெரும்பகுதிச் சீனியை லக்டிக் அமிலமாக்கிவிடுகிறது. ஜெர்மானியரான ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே இதைக் கண்டார். அவர் ஆராய்ந்தது வெட்டியெடுத்த விழித்திரையை.

? உயிரோடிருப்பவரின் கண்ணை வெட்ட முடியாதே?
– வாசகி, முருங்கன்

வெட்டவே வேண்டாம். கண்மணி வழியே ஒளியை அனுப்பினால் போதும். இரண்டு நிற ஒளியில் படம் பிடித்தால், ஒட்சிசன் நிறைந்த இரத்தமும் அதை இழந்த இரத்தமும் வேறுபட்டுத் தெரியும். நாடிக்கும் நாளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, உள்விழித்திரை எவ்வளவு ஒட்சிசன் எடுத்துக்கொண்டது என்று கணிக்கலாம். முற்றிய நீரிழிவுக் கண்ணில் நாளத்திலும் ஒட்சிசன் மிஞ்சி நிற்கக் கண்டிருக்கிறார்கள்: இரத்தம் வந்தும் இழையத்துக்குப் போய்ச் சேரவில்லை! இன்னொரு முறை ஜெர்மனியின் யேனா நகரில் வளர்ந்தது. நீல லேசர் பட்டதும், சீனி எரிப்பில் பங்குள்ள ஃபிளேவின் போன்ற பொருட்கள் ஒளிரும். அந்த ஒளி அணைய எடுக்கும் நேரம் செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவே, அதை அளக்கிறார்கள். கண்வில்லையும் சேர்ந்து ஒளிர்ந்து குறுக்கிடும். ஆகவே இவையெல்லாம் மறைமுகச் சாட்சிகள்தான். சீனியையே காட்டுபவை அல்ல.

? அதெல்லாம் மன்னாருக்கு எப்போது வரும்?
– வாசகர், பேசாலை

அதற்காகக் காத்திருக்காதீர்கள். சாதாரண விழித்திரைப் படமே இன்று பார்வையைக் காப்பாற்றும். சென்னையில் கைபேசிக் கமராவால் எடுத்த படங்களில் நீரிழிவுப் பாதிப்பைக் கணினியே கண்டுபிடித்ததை 2018இல் வெளியிட்டார்கள். பார்வை மங்கும் முன்பே கசிவு படத்தில் தெரியும்; வேளையோடு கண்டால் லேசரோ கண்ணூசியோ உதவும். "எனக்கு எல்லாம் வடிவாய்த் தெரியுது" என்பவர்தான் முதலில் போக வேண்டும். அடுத்த சீனிக் கிளினிக்கில் கண்ணையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண்மணி விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். திரும்பும்போது மோட்டார் சைக்கிளை மகன் ஓட்டட்டும்.