மாகாணி ஆளு

ஏம்பா, இப்படித் திண்ணையில குந்து. போனைக் கீழ வை, அது ஓடிடாது. ரோஷ்ஃபுர்ஷாங்கிற ஊருக்கு ஜனத்தொகை ஒண்ணுன்னு படிச்சிட்டு உருண்டு உருண்டு சிரிக்கிறியே, இன்னா கண்ட?

பிரான்சுக்குத் தெக்குப் பக்கம், துரோம் ஜில்லா. மலையும் காடுமாக் கெடக்கற சீமை. அதுல பன்னண்டு சதுர கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒரு கொம்யூன். அந்த வார்த்தை நமக்குப் புதுசா? நம்ம புதுச்சேரியில பாகூரு, வில்லியனூரு, நெட்டப்பாக்கம் எல்லாம் இன்னிக்கும் கொம்யூன் பஞ்சாயத்துதான். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிட்டான், வார்த்தையை மட்டும் எடுத்துக்கினு போக மறந்துட்டான்.

நீ படிச்சுக் காட்டின தாள்ல 'அடர்த்தி 0.08'னு போட்டிருக்குது. சதுர கிலோமீட்டருக்கு 0.08 ஆளாம்! நாங்க படிச்ச வாய்ப்பாட்டுல அது மாகாணிக்கு மேல, அரைக்காலுக்குக் கீழ. மாகாணி ஆளுன்னா எது? கட்டை வெரலா, காது மடலா? அந்த ஊருல இருக்கறவங்க காலையில எழுந்து காபி போட்டா முழுசா ஒரு ஆளுக்குத்தானே போடுவாங்க? தாள்லதான் மனுசனைக் கூறு போட்டு மலை மலையாத் தூவி வச்சிருக்கான். படிச்சவன் வேலை அது. கைக்கு அடக்கமா ஒரு ஆளைக் குடுத்தா, தசமப் புள்ளி வச்சித் தொலைச்சிடுவான்.

இன்னொண்ணு கேளு. நூறு பேருக்குக் கீழ இருக்கற கொம்யூனுக்கு ஏழு கவுன்சிலருன்னு அங்க சட்டம். பந்தியில ஒருத்தர், பரிமாற ஏழு பேரு! எங்க இருந்து வர்றாங்கன்னு கேளேன். அந்த ஊருல வூடோ நெலமோ வச்சி வருசா வருசம் வரி கட்டினா, வேற ஊருல குடியிருந்தாலும் ஓட்டுப் பட்டியல்ல பேரு சேக்கலாம். அப்படித்தான் ஓட்டு விழுது, மேர், அதான் ஊர்த் தலைவர், வர்றாரு.

ஆளு எண்ணுற கூத்து இருக்குதே! பத்தாயிரம் பேருக்குக் கீழ இருக்கற கொம்யூன்ல அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா எண்ணணும். எண்ணி முடிச்சா மூணு கணக்கு: ஊருல குடியிருக்கறது, தனியா எண்ணுறது, ரெண்டையும் கூட்டினது. ஒருத்தரை எண்ணிக் கூட்டிப் பாக்கறதுக்கு எத்தினி பென்சிலு தேயும்? நீ இருக்கற அடுக்கு மாடியில எத்தினி பேரு? எதுத்த வூட்டுக்காரர் பேரு இன்னா? தெரியாதா? சரி வுடு, அதையும் போனுல தேடிப் பாரு.

இந்தக் கொம்யூன்ங்கறதே 1789ல, பிரெஞ்சுப் புரட்சி சமயத்துல பண்ண ஏற்பாடு. இன்னிக்கும் 34,000க்கு மேல கொம்யூன் நிக்குது. அதுல பாதிக்கு 500 பேரு தேறாது. காஸ்தெல்மொரோன் தல்பிரேன்னு ஒண்ணு, மொத்த ஊரே பத்து ஏக்கருக்குள்ள. சோம் ஜில்லாவுல ஒரு ஊருக்குப் பேரே ஒத்தை எழுத்து, 'இ'. பலகை எழுதுறவனுக்குப் பொழப்பு கெட்டுது. 1971ல சின்ன ஊரை எல்லாம் ஒண்ணாச் சேக்கறோம்னு சட்டம் போட்டாங்க. பெரும்பாலான ஊருங்க 'சரிங்க'ன்னு கேட்டுக்கினு அப்படியே குந்தியிருந்துச்சு.

ஒரு ஆளுக்கே இப்படிச் சிரிச்சியே, ஆளே இல்லாத கொம்யூனுக்கு இன்னா பண்ணுவ? வெர்தன் பக்கம் ஆறு ஊரு இருக்குது. ஃப்ளெரின்னு ஒண்ணு. 1913ல 422 பேரு இருந்த ஊரு. மொதல் உலகப் போர்ல, 1916 சண்டையில குண்டு விழுந்து விழுந்து மண்ணே பெரண்டுபோச்சு. ஜனம் திரும்பி வரல. ஆனா ஊரை ஏட்டுல இருந்து அடிக்கல. இன்னிக்கும் அது கொம்யூன். ஓட்டுப் போட ஆளு ஏது? அதனால மேலதிகாரியே மூணு பேரை வைக்கிறாரு, அதுல ஒருத்தர் மேர் வேலை பாக்கறாரு.

காட்டுக்குள்ள குழியும் மேடுமா இருக்கும். நடுவுல சின்னச் சின்னக் கம்பம் நட்டு வச்சிருக்காங்க. இங்க கொல்லன் பட்டறை, இங்க பள்ளிக்கூடம், இங்க ரொட்டிக்கடைன்னு.

ஏன் சும்மா ஆயிட்ட? காபி ஆறுது, குடி.