எல்லாம் ராவுல இருக்கு, அண்ணே!

படத்தில் வானம் வெளுத்துப் போயிருக்கிறதே என்று மட்டும் எங்கள் ஊர்க் கல்யாணப் படக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். பிறை ஊரில் யாரும் சொல்வதில்லை. சொன்னவர்கள் இன்னும் மாமாக் கடையை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஒன்னும் ஆகல அண்ணே, எல்லாம் ராவுல இருக்கு" என்று தே தாரிக்கைத் தள்ளிவைத்து மடிக்கணினியைத் திறந்துவிடுவார். ராவு என்றால் இரவு இல்லை; சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் கேமராக் கோப்பு (RAW).

தைப்பூசத்தன்று பாலம் தாண்டிப் போய், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி ஏறி, உச்சி வெயிலில் எடுத்த படம். லைட்ரூம் மென்பொருளில் 'ஹைலைட்ஸ்' ஸ்லைடரைப் பிடித்து இடக்கோடிக்கு இழுப்பார். வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் மெல்ல ஒரு மேகம் வரும். அதை அவரே செய்து மாட்டியதாக ஒரு பார்வை. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலை, 14 பிட் ராவில் 16,384 என்பார். சரிதான். அதில் பாதி, வெளிச்சம் மிகுந்த ஒரே ஸ்டாப்புக்கு, அதாவது வெளிச்சம் இரட்டிக்கும் ஒரு கட்டத்துக்கு, போகிறது என்பார். அதுவும் சரி. வெளுத்த இடத்தைக் கேமராத் திரையில் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையை அணைத்தே வைத்திருக்கிறார்: "அது ஜேபெக்கப் பாத்து சொல்ற பொய் லா." முக்கால்வாசி அதுவும் சரி. எரிச்சலே இதுதான். பேச்செல்லாம் சரி, படம்தான் வராது.

என் தங்கச்சி மகள் கல்யாணத்தில், வீடியோக்காரர் விளக்கு நேராக மணவறை மேல். தாலி கட்டும் படத்தில் தாலியே இல்லை. சென்சாரின் புள்ளி ஒளியால் நிரம்பிவிட்டால், மேலே எவ்வளவு கொட்டினாலும் பதிவாகாது. ஒரு நிறம் மட்டும் நிரம்பியிருந்தால் மற்ற இரண்டை வைத்து மென்பொருள் ஊகித்து ஒட்டுப்போடும். மூன்றும் போனால்? ஸ்லைடரை இழுத்தார். வேட்டிக்கு மடிப்பு வரவில்லை, சாம்பல் நிறம்தான் வந்தது. பிறைத் தொழிற்பேட்டையில் சிமெண்டு மூட்டை இறக்கிவிட்டு நேராக மணவறைக்கு வந்தவர் போல மாப்பிள்ளை.

டயலை மூன்று சொடுக்குத் திருப்பியிருந்தால் ஒரு ஸ்டாப் குறைந்திருக்கும். அதற்குச் சோம்பல், விடிய விடிய ஸ்லைடர் இழுக்கச் சோம்பல் இல்லை. காசு கொடுத்தவர்கள் கேட்டது மேகமா? தாலி தெரிய வேண்டும், ஐயா.

அதே கல்யாணத்தில் தூண் ஓரம் இருட்டில் உட்கார்ந்திருந்தார் எங்கள் பெரியம்மா. கொஞ்ச நாளில் அவர் தவறியபோது, மாலை போட வீட்டில் ஒரு நல்ல படம் இல்லை. இவர்தான் அந்த ராவைத் தேடி எடுத்து, நிழலை ஏற்றி, மூக்குத்தி முதற்கொண்டு முகத்தை இருட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தார். கன்னத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்திருந்தது, பரவாயில்லை. சட்டம் போட்டுத் தானே வந்து மாட்டினார். ஒரு ரிங்கிட் வாங்கவில்லை.

மாட்டிவிட்டுத் திரும்பி, "பாத்தீங்களா அண்ணே, ராவு!" என்றார். பெரியம்மா பிழைத்தது இருட்டில் உட்கார்ந்ததால், தாலி போனது வெளிச்சத்தில் இருந்ததால் என்று சாவு வீட்டில் எப்படி விளக்குவது?

இப்போது என் மகன் கல்யாணத்துக்கும் அவரையே பேசியிருக்கிறோம். நேற்று அவரே கூப்பிட்டார். டயலைத் திருப்பப் போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பிய வெள்ளை வேட்டி வேணாம்னு சொல்லிடுங்க அண்ணே. சந்தனக் கலர் நல்லாருக்கும்."