எப்படியும் ஜெயிச்சிடுவார்!

கேள்வி: எதிர்க்கட்சிக்காரர்களும் மதிக்கிற, பழம் தின்று கொட்டை போட்ட தலைவர்கூட மறுபடி நிற்கும்போது இழுபறியில் மாட்டுவது ஏன்?
– வாசகர், அரியமங்கலம்

பதில்: ‘அண்ணன் எப்படியும் ஜெயிச்சிடுவார்’ என்று அவருடைய ஆட்களே வீட்டில் உட்கார்ந்துவிடுவதால்தான் என்பேன். 2021-இல் காட்பாடியைப் பாருங்கள். 1971-லேயே சட்டமன்றம் பார்த்த துரைமுருகன், முந்தைய தேர்தலில் 20,000-க்கும் மேல் வித்தியாசத்தில் வென்றவர். அ.தி.மு.க.வின் ராமு அவரை மூச்சுத் திணற வைத்து, 746 வாக்குகளில்தான் கரையேறவிட்டார். உங்கள் அரியமங்கலத்தில் ஒரே வாக்குச்சாவடியின் பட்டியலில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்!

1967-இல் விருதுநகரில் காமராஜருக்கு அதுவும் வாய்க்கவில்லை. மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். பள்ளிக்கூடம் திறந்து, மதியச் சோறும் போட்டவரைச் சொந்த ஊரே கைவிட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.