சக்கரத்தை எடுக்காதீர்கள்!

கேள்வி: மதர்ஜேன் ராக் குழுவின் 'மக்தூப்' ஆல்பத்தில் வரும் கிட்டார் சோலோக்களின் டோன் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. ஆம்ப்பில் எந்தக் குமிழை எவ்வளவு திருக வேண்டும்?
– வாசகர் ஒருவர், பூவார்

பதில்: 2008-இல் வந்த அந்த ஆல்பத்தில் வாசித்தவர் பைஜு தர்மஜன். கர்நாடக சங்கீதக் கமகங்களை எலக்ட்ரிக் கிட்டாரில் வழுக்கியும் வளைத்தும் கொண்டுவந்தவர். கமகத்துக்கென்று ஆம்ப்பில் குமிழ் கிடையாது. இருந்திருந்தால் சென்னை சபாக்களில் பாதிப் பேர் வாங்கியிருப்பார்கள்.

சரி, இருக்கிற குமிழ்களுக்கு வருவோம். கெயினைப் பாதிக்குக் கீழே வையுங்கள். கூட்டினால் சுரங்கள் குழைந்து கமகம் கஞ்சியாகிவிடும். மிட்டை ஏற்றுங்கள். அறையில் தனியாக வாசிக்கும்போது மிட் குறைவாக இருந்தால் காதுக்குச் சுகம்தான். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் உங்கள் கிட்டாரைத் தேட வேண்டியிருக்கும். 400 மில்லிசெகண்ட் அளவில் டிலே, அதுவும் மெல்லிசாக.

குயீன் குழுவின் பிரையன் மே, பிளெக்ட்ரத்துக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுவார். அதைப் பார்த்துப் பாட்டியின் பெட்டியிலுள்ள பழைய திருவிதாங்கூர் காசான சக்கரத்தை எடுத்துவிடாதீர்கள். கம்பி பிழைத்தாலும் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கம்பியைப் பாருங்கள். நெய்யாறு கடலில் கலக்கும் ஊர் உங்களுடையது. உப்புக்காற்று கம்பியைச் சீக்கிரம் தின்றுவிடும். துருவேறிய கம்பியில் டிரெபிளை எவ்வளவு ஏற்றினாலும் பளிச்சென்று கேட்காது. வாசித்ததும் துடைத்து உறைக்குள் வையுங்கள். புதுக் கம்பி செட், புதுப் பெடலைவிட மிகவும் மலிவு.